முதல் கம்பளிக் குல்லாவைப் பின்னி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ஊசிகளையும் 100 கிராம் நூலையும் கொண்டு, பெரியவர் தலைக்குப் பொருந்தும் ஒரு குல்லாவை முதன்முறையாகப் பின்னுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கை பழகும் நாட்களையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் வேலை முடியும். குன்னூரில் என் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்தார் பலர் இதைக் கற்றிருக்கிறார்கள். அவர்கள் தடுமாறிய இடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசைமுறையை அமைத்தேன்.

புதிதாகப் பின்ன வருபவர்களிடம் "முதலில் ஒரு மஃப்ளர் பின்னுங்கள்" என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பின்னும்போது கை பழகும் முன்பே மனம் சலித்துவிடும். பாதியில் நின்றுபோன மஃப்ளர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். குல்லா அதைவிடச் சிறியது. விளிம்பு, உடல், உச்சி என்று மூன்று கட்டங்கள் இருப்பதால் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று கற்க இருக்கும்.

1. வாங்க வேண்டியவை

நூல்: அக்ரிலிக் அல்லது அக்ரிலிக்கும் கம்பளியும் கலந்த, நடுத்தரப் பருமனுள்ள நூல் 100 கிராம் வாங்குங்கள். கடைகளில் நூலின் பருமனைப் புரிக்கணக்கில், அதாவது எத்தனை இழைகளைச் சேர்த்து முறுக்கியது என்று சொல்வார்கள். ஆனால் அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அதை நம்பி வாங்க வேண்டாம். உறையில் அச்சிட்டுள்ள சிறு சதுரப் படத்தைப் பாருங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் (பின்னலில் உள்ள ஒவ்வொரு சிறு வளையமும் ஒரு கண்ணி) என்றும் ஊசி 4 மி.மீ. என்றும் இருந்தால், இந்த வழிகாட்டிக்கு அதுவே சரியான நூல்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும்: சந்தனம், இளநீலம், வெளிர் சாம்பல் போன்றவை. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை எண்ண முடியாது. முடி முடியாக நிற்கும் பஞ்சு போன்ற நூலும் வேண்டாம். அதில் செய்த பிழையைப் பிரிக்கப் போனால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடாது.

இரண்டு உருண்டைகளாக வாங்குவதானால், நிற எண்ணோடு லாட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நிற எண் உள்ள நூலும் வேறொரு முறை சாயமேற்றப்பட்டதாக இருந்தால் சற்றே வேறுபடும். அந்த வேறுபாடு கடை விளக்கில் தெரியாமல் போய், வீட்டு முற்றத்து வெயிலில் ஒரு கோடாகத் தெரியும்.

ஊசிகள்: 8ஆம் எண் ஒரு ஜோடி, 10ஆம் எண் ஒரு ஜோடி, இரண்டும் 35 செ.மீ. நீளத்தில் வேண்டும். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் முறை இன்னும் வழக்கில் உள்ளது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்பது 4 மி.மீ., 10 என்பது 3.25 மி.மீ. அமெரிக்க எண் முறை இதற்கு நேர்மாறானது. அங்கே 8 என்றால் 5 மி.மீ. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எனவே எண்ணோடு மில்லிமீட்டரையும் கேட்டு வாங்குங்கள்.

அலுமினிய ஊசியில் கண்ணிகள் வேகமாக வழுக்கிச் செல்லும்; மூங்கில் ஊசி அவற்றைச் சற்றுப் பிடித்து வைக்கும். கிடைத்தால் மூங்கிலில் தொடங்குவது நல்லது.

மற்றவை: மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி ஒன்று, முனையில் கொக்கியுள்ள குரோஷே ஊசி ஒன்று, இஞ்ச் டேப், கத்தரிக்கோல், சிறிய ஊக்குகள் பத்து, நோட்டுப் புத்தகம், பென்சில். நோட்டுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பது மறுநாள் நினைவில் இருக்காது.

நூல் உருண்டையாக இல்லாமல் சிட்டமாக (பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலாக) கிடைத்தால், பின்னுவதற்கு முன் அதை உருண்டையாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். சிட்டத்திலிருந்து நேரே பின்னத் தொடங்கினால் சிறிது நேரத்தில் சிக்கு விழும். அதைப் பிரிப்பதில் ஒரு பகல் போய்விடும். சுற்றும்போது நான்கு விரல்களை உள்ளே வைத்து, அவற்றின் மேல் தளர்வாகச் சுற்றி, அவ்வப்போது விரல்களை உருவிக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுற்றினால் நூல் நீண்டு மெலிந்த நிலையில் பின்னப்படும். முதல் முறை அலசியதும் பின்னல் சுருங்கும்.

2. இரண்டு கண்ணிகளையும் கைக்குப் பழக்குதல்

பின்னலில் இருப்பவை இரண்டே கண்ணிகள்: நிட், பர்ல். இந்த இரண்டும் தனித்தனிக் கண்ணிகள் அல்ல. ஒரே வளையத்தின் முன்பக்கமும் பின்பக்கமும்தான். முன்னிருந்து பார்த்தால் ஆங்கில 'வி' போலத் தெரிவதையே பின்னிருந்து பார்த்தால் சிறு மேடாகத் தெரியும். இதைக் கண்ணால் உணர்ந்துவிட்டால் பிற்பாடு செய்யும் பிழைகளில் பாதி தானே மறைந்துவிடும்.

8ஆம் எண் ஊசியில் 20 கண்ணிகள் ஏற்றுங்கள். ஏற்றும் முறை இது: நூலில் ஓர் உருவு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். தொங்கும் வால் நூலை இடக்கைக் கட்டைவிரலிலும், உருண்டையிலிருந்து வரும் நூலை ஆள்காட்டி விரலிலும் மாட்டி, இரண்டின் கீழ்ப்பகுதியையும் மற்ற மூன்று விரல்களால் பிடியுங்கள். ஊசி முனையைக் கட்டைவிரல் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து, ஆள்காட்டி விரலில் உள்ள நூலை மேலிருந்து கொக்கி போல வாரி, வந்த வளையத்தின் வழியே திரும்பக் கொண்டுவாருங்கள். கட்டைவிரலை விடுவித்து வாலை மெல்ல இழுத்தால் ஒரு கண்ணி ஏறிவிடும்.

நிட் கண்ணிக்கு நூல் ஊசிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வலக்கை ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகச் செலுத்தி, நூலை அதன் முனையில் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணியின் வழியே முன்னுக்கு இழுத்து, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். பர்ல் கண்ணிக்கு நூல் முன்னால் இருக்க வேண்டும். வலக்கை ஊசியை வலமிருந்து இடமாக, இடக்கை ஊசிக்கு முன்புறமாகச் செலுத்தி, நூலைச் சுற்றி, வளையத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

ஊசியின் முனையை நேரே பார்த்தால், இரண்டு கண்ணிகளிலும் நூல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பர்லில் மட்டும் நூலைத் தலைகீழாகச் சுற்றுவது புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணும் பிழை. அப்படிச் சுற்றிய கண்ணி அடுத்த வரிசையில் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஊசியில் இருக்கும் ஒவ்வொரு கண்ணியின் வலக் காலும் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே அடையாளம்.

முதலில் 20 வரிசைகள் நிட் மட்டும் பின்னுங்கள். அடுத்து ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றி 20 வரிசைகள். கடைசியாக ஒரே வரிசைக்குள் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றிப் பின்னும் ரிப். ஒரு கண்ணியை வரிசை முழுவதும் செய்து கை பழகிய பிறகே, வரிசை நடுவில் மாற்றுவது எளிதாகும். தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள்.

நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறி மாறி வரும் பகுதி, ஓரங்களில் சுருண்டுகொள்ளும். உங்கள் கையில் குறை இல்லை. அந்தப் பின்னலின் இயல்பே அதுதான். குல்லாவின் விளிம்பை ரிப்பாகப் பின்னுவது அது சுருளாமல் நிற்பதற்காகவும், தலையைப் பற்றிக்கொள்வதற்காகவும்தான்.

இறுக்கிப் பின்னும் பழக்கம் அநேகமாக எல்லோருக்கும் தொடக்கத்தில் இருக்கும். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது ஊசியின் பருமன். நூலை இழுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் கூர்முனையில் நிற்காமல் முழுப் பருமனுள்ள இடத்துக்கு வந்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். தோளும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கினால் இறுக்கிப் பின்னுகிறீர்கள் என்று பொருள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கைகளை உதறிவிட்டு வாருங்கள்.

பழகிய துண்டை முடிக்க, இரண்டு கண்ணிகளை நிட் செய்து, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கிக் கீழே விடுங்கள். மேலும் ஒன்று பின்னி, மறுபடியும் தூக்கி விடுங்கள். கடைசிக் கண்ணியில் நூலை நறுக்கி உள்ளே இழுத்தால் துண்டு பிரியாது.

3. மாதிரித் துண்டு: தவிர்க்கக் கூடாத படி

பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒன்பது பேர் தாண்டிச் செல்ல விரும்பும் படி இது. குல்லா தலையில் ஏறாமல் போவதற்கும், கண்வரை இறங்கிவிடுவதற்கும் பெரும்பாலும் இதைத் தாண்டியதே காரணம்.

8ஆம் எண் ஊசியில் 30 கண்ணிகள் ஏற்றி, நிட் வரிசையும் பர்ல் வரிசையுமாக 36 வரிசைகள் பின்னி முடியுங்கள். குல்லாவை எப்படி அலசப் போகிறீர்களோ அப்படியே இந்தத் துண்டையும் அலசி, தரையில் விரித்து உலர்த்துங்கள். அலசிய பிறகு கண்ணிகள் தம் இடத்தில் அமர்வதால் அளவு சற்று மாறும். நாம் அணியப் போவது அலசிய குல்லாவைத்தான்.

உலர்ந்த துண்டை இழுக்காமல் மேசைமேல் வைத்து, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அகலத்துக்கு இரண்டு ஊக்குகள் குத்தி, இடையில் உள்ள கண்ணிகளை எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். 22 வர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். குல்லாவின் சுற்றளவில் 108 கண்ணிகள் இருக்கும். 10 செ.மீ.க்கு 22 என்றால் குல்லா 49 செ.மீ. வரும், 20 என்றால் 54 செ.மீ.; 24 என்றால் 45 செ.மீ. சிறு துண்டில் இரண்டு கண்ணி வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும், முழுக் குல்லாவில் அது ஒரு பெரியவர் தலைக்கும் ஒரு பிள்ளையின் தலைக்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது.

24 வந்தால் பருத்த ஊசிக்கு, அதாவது 7ஆம் எண்ணுக்கு மாறுங்கள், அது 4.5 மி.மீ. 20 வந்தால் மெல்லிய ஊசிக்கு, அதாவது 9ஆம் எண்ணுக்கு மாறுங்கள், அது 3.75 மி.மீ. "இனிமேல் கொஞ்சம் தளர்த்திப் பின்னிக்கொள்கிறேன்" என்று அதே ஊசியோடு தொடர வேண்டாம். மனத்தால் தளர்த்திய கை நான்காவது வரிசையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

4. தலையின் அளவும் கண்ணிக் கணக்கும்

புருவத்துக்குச் சற்று மேலும் காதுகளுக்கு மேலுமாக டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 6 அல்லது 7 செ.மீ. கழியுங்கள். பின்னல் துணி நீளும் தன்மையுடையது. தலையின் அளவுக்கே பின்னினால் ஒரு வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். 56 செ.மீ. தலைக்கு 49 செ.மீ. குல்லா கச்சிதமாக அமரும்.

சமவெளியில் இருப்பவர்கள் பருத்தி நூலில் பின்ன விரும்பினால், 3 செ.மீ. மட்டும் கழித்தால் போதும். பருத்தி நூலுக்குக் கம்பளியைப் போல நீண்டு சுருங்கும் தன்மை கிடையாது.

நான் பயன்படுத்தும் கணக்கு எளியது: பன்னிரண்டின் மடங்கு, அதனுடன் 2. பன்னிரண்டு கண்ணிகள் ஒரு பாகம். ஒரு பாகம் ஏறத்தாழ 5.5 செ.மீ. வரும். கூடுதலான இரண்டும் பின்புறத் தையலுக்குள் மறைந்துவிடும். பன்னிரண்டு நான்கால் வகுபடுவதால் ரிப் சரியாக முடியும். உச்சியில் குறைக்கும்போதும் எல்லாப் பாகங்களும் சமமாக இருக்கும்.

பெரியவருக்கு 9 பாகங்கள், 110 கண்ணிகள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு 8 பாகங்கள், 98 கண்ணிகள். ஒரு வயதுக் குழந்தைக்கு 7 பாகங்கள், 86 கண்ணிகள். தலை 60 செ.மீ.க்கு மேல் இருந்தால் 10 பாகங்கள், 122 கண்ணிகள். இனி வருவதெல்லாம் 110க்கான கணக்கு.

5. 110 கண்ணிகளை ஏற்றுதல்

வால் நூல் எவ்வளவு விட வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். 103ஆவது கண்ணியில் வால் தீர்ந்துபோய், எல்லாவற்றையும் உருவிவிட்டுத் தொடங்க நேரும். நூலை ஊசியில் 10 சுற்று சுற்றி, அவிழ்த்து அந்த நீளத்தை அளந்து, அதைப் பதினொரு மடங்காக்கி, அதன் மேல் ஒரு முழம் கூட்டுங்கள். அந்தக் கூடுதல் முழம் விளிம்பைத் தைக்க உதவும்.

விளிம்பை 10ஆம் எண் ஊசியில் பின்னப் போகிறோம் என்றாலும், கண்ணிகளை 8ஆம் எண் ஊசியில் ஏற்றுங்கள். ஏற்றும் வரிசை இறுகிவிட்டால், மேலே எவ்வளவு நன்றாகப் பின்னியிருந்தாலும் குல்லா தலையில் நுழையாது. 20 கண்ணிகளுக்கு ஒரு முறை ஊக்கு ஒன்றை இடையில் மாட்டிக்கொண்டால், யாராவது கூப்பிட்டுக் கவனம் சிதறினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை எண்ணுங்கள்.

6. விளிம்பு: 6 செ.மீ. ரிப்

முதல் வரிசையை 10ஆம் எண் ஊசியால் பின்னுங்கள்: இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று தொடர்ந்து, கடைசியில் இரண்டு நிட். இரண்டாவது வரிசை: இரண்டு பர்ல், இரண்டு நிட் என்று தொடர்ந்து, கடைசியில் இரண்டு பர்ல். இந்த இரண்டு வரிசைகளையே 6 செ.மீ. உயரம் வரை மாற்றி மாற்றிப் பின்னி, இரண்டாவது வகை வரிசையோடு நிறுத்துங்கள்.

நான்கு வரிசைகள் தாண்டியதும் எண்ணிக்கையை மறந்துவிட்டுக் கண்ணிகளைப் பார்க்கத் தொடங்குங்கள். எதிரே 'வி' தெரிந்தால் நிட். மேடு தெரிந்தால் பர்ல். இப்படிப் பின்னலை வாசிக்கக் கற்றுக்கொண்ட நாள்தான், என்னைப் பொறுத்தவரை, இந்தக் கலையில் கிடைக்கும் முதல் பெரிய மகிழ்ச்சி. அதன் பிறகு எந்த இடத்தில் நிறுத்தினாலும் பின்னலே அடுத்த கண்ணியைச் சொல்லிவிடும்.

இந்தக் கட்டத்தில் இல்லாத கண்ணிகள் முளைக்கும். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, பன்னிரண்டு வரிசைகள் பின்னிவிட்டு, "அக்கா, 110 ஏத்தினேன், இப்ப 114 இருக்கு, நான் எதையும் சேர்க்கவே இல்லையே" என்று கலங்கிய கண்களோடு வந்தாள். துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நடுவில் மூன்று சிறு ஓட்டைகள் தெரிந்தன. வலது ஓரம் ஓரிடத்தில் படிபோல வெளியே நீண்டிருந்தது.

அந்த மூன்று ஓட்டைகளும், பர்லிலிருந்து நிட்டுக்கு மாறும்போது நூலைப் பின்னுக்குக் கொண்டுபோக மறந்ததால் வந்தவை. முன்னால் நின்றுவிட்ட நூல், அடுத்த நிட்டைப் பின்னும்போது ஊசியின் மேலாக ஏறிப் போலிக் கண்ணியாகிவிட்டது. நூலை எப்போதும் இரண்டு ஊசி முனைகளுக்கும் இடையே முன்னும் பின்னும் கொண்டுபோக வேண்டும். ஊசியின் மேலாகக் கொண்டுபோகக் கூடாது.

ஓரத்துப் படிக்குக் காரணம் வேறு. வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால், ஓரத்தில் உள்ள முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு அதன் இரு கால்களும் இரண்டு கண்ணிகள் போலத் தெரியும். இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிடும். புது வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்குக் கீழாகத் தொங்குகிறதா என்று ஒரு கணம் பார்த்தால் போதும்.

அவள் அன்று மாலையே பன்னிரண்டு வரிசைகளையும் உருவி, மறுபடியும் ஏற்றினாள். தைக்கும் துணியில் தவறாக வெட்டியதை ஒட்ட முடியாது. பின்னலில் பிரித்த நூல் அப்படியே கைக்குத் திரும்பி வருகிறது. நேரத்தைத் தவிர எதுவும் வீணாவதில்லை. ஆகவே முதல் பத்து வரிசைகளுக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும், அதன் பிறகு நான்கு வரிசைகளுக்கு ஒரு முறையும் 110 இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிழையை இரண்டு வரிசைக்குள் கண்டால் இரண்டு வரிசைதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

7. உடல்: மொத்தம் 14 செ.மீ. வரை

8ஆம் எண் ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று, அடி விளிம்பிலிருந்து அளந்தால் 14 செ.மீ. வரும்வரை பின்னுங்கள். பிள்ளைகளுக்கு 12, ஒரு வயதுக் குழந்தைக்கு 10 செ.மீ. போதும். பர்ல் வரிசையோடு நிறுத்துங்கள்.

வரிசையின் நடுவில் வேலையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அந்த இடத்துக் கண்ணி நீண்டுபோகும். திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற குழப்பமும் வரும். தவிர்க்க முடியாமல் நிறுத்த நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கிறதோ அதுவே வலக்கைக்கு வர வேண்டும். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பி, குல்லாவின் நடுவில் ஓட்டை விழும்.

புது உருண்டையை வரிசையின் தொடக்கத்தில் மட்டும் சேர்த்து, இரு வால்களையும் ஒரு சாண் நீளம் தொங்க விடுங்கள். அவை பிறகு தையலுக்குள் போய்விடும். நடுவில் முடிச்சுப் போட்டால், அது என்றாவது ஒரு நாள் வெளிப்பக்கம் வந்து நிற்கும்.

கண்ணி நழுவினால் பதற வேண்டாம். துண்டை இழுக்கவும் வேண்டாம். நழுவிய வளையத்தில் முதலில் ஓர் ஊக்கைக் குத்திவிடுங்கள். அதற்கு மேல் அது இறங்காது. பிறகு நிட் பக்கம் உங்களைப் பார்க்கும்படி திருப்பினால், வளையத்துக்கு மேலே ஏணிப் படிகள் போலக் குறுக்கு நூல்கள் தெரியும். குரோஷே ஊசியை வளையத்துக்குள் முன்னிருந்து நுழைத்து, மிகக் கீழே உள்ள படியைப் பிடித்து வளையத்தின் வழியே இழுங்கள். அப்படியே படிப்படியாக மேலேறி, கடைசி வளையத்தை முறுக்காமல் இடக்கை ஊசியில் மாட்டிவிடுங்கள்.

உச்சிக்குப் போகும் முன் ஒரு காப்பு நூல் போட்டுவையுங்கள். வேறு நிறத்தில் மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள 110 கண்ணிகளின் வழியாகவும் செலுத்தி, இருபுறமும் ஒரு சாண் விடுங்கள். உச்சியில் குழப்பம் நேர்ந்தால் ஊசியை உருவிப் பிரிக்கலாம். பிரிதல் இந்த நூலில் வந்து நின்றுவிடும்.

8. உச்சி: ஒன்பது ஒன்பதாகக் குறைத்தல்

முதல் குறைப்பு வரிசை: 1 நிட். பிறகு, 10 நிட் பின்னி, அடுத்த இரண்டு கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நிட்டாகப் பின்னுங்கள். இதை 9 முறை செய்யுங்கள். கடைசியில் 1 நிட். இப்போது 101 கண்ணிகள் இருக்கும். அடுத்த வரிசை முழுவதும் பர்ல்.

இரண்டாவது குறைப்பு வரிசையில் 10 நிட்டுக்குப் பதில் 9 நிட், மூன்றாவதில் 8. இப்படி ஒவ்வொரு குறைப்பு வரிசையிலும் இடைப்பட்ட நிட் ஒன்று குறையும். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பர்ல் வரிசை வரும். இடையில் பர்ல் வரிசை இல்லாமல் தொடர்ந்து குறைத்தால் உச்சி வளையாமல் தட்டையாகிவிடும்.

கண்ணிகளின் எண்ணிக்கை 101, 92, 83, 74, 65, 56, 47, 38, 29, 20 என்று இறங்கும். 92 முதல் 29 வரை எந்த எண்ணின் இரு இலக்கங்களையும் கூட்டினாலும் 11 வரும். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்: எண்ணிப் பார்த்துக் கூட்டல் 11 வராவிட்டால், அந்த வரிசையில் எங்கோ ஒரு கண்ணி தவறியிருக்கிறது. ஒன்பது பாகங்கள் உள்ள குல்லாவுக்கு மட்டுமே இது பொருந்தும்.

ஒவ்வொரு பாகத்தின் எல்லையிலும் ஓர் ஊக்கு மாட்டிவையுங்கள். இரண்டைச் சேர்த்துப் பின்னும் இடம் எப்போதும் ஊக்குக்குச் சற்று முன்னால் வர வேண்டும். அப்படி வராவிட்டால் பிழை எந்தப் பாகத்தில் என்பது உடனே தெரிந்துவிடும். 110 கண்ணிகளையும் தேட வேண்டியதில்லை. குறைப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்பது கோடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி நடுவை நோக்கிச் செல்வதைப் பார்க்கும்போது, அதுவரை எண்ணி எண்ணிக் களைத்த மனம் நிறைந்துவிடும்.

20 கண்ணிகளுக்கு வந்து, பர்ல் வரிசையும் முடிந்ததும், அடுத்த வரிசை முழுவதையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னுங்கள். 10 கண்ணிகள் மிஞ்சும். 60 செ.மீ. வால் விட்டு நூலை நறுக்கி, தையல் ஊசியில் கோத்து, பத்துக் கண்ணிகளின் வழியாகவும் இரண்டு முறை செலுத்தி இறுக்குங்கள். ஒரே முறை செலுத்தினால், அணிந்து கழற்றும்போது நடுவில் துளை விரியும்.

9. பின்புறத் தையல்

வெளிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, இரு ஓரங்களையும் அருகருகே வையுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே, மெல்ல விரித்துப் பார்த்தால், ஏணிப் படி போன்ற குறுக்கு நூல்கள் தெரியும். இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி என்று ஊசியை மாற்றி மாற்றிச் செலுத்தி, 5 செ.மீ.க்கு ஒரு முறை நூலை இழுங்கள். ஓரங்கள் இரண்டும் உள்ளே மடங்கி, தைத்த சுவடே தெரியாது.

உச்சியிலிருந்து கீழே ரிப் வரை உச்சி வாலால் தையுங்கள். விளிம்பிலிருந்து மேலே ரிப் வரை, ஏற்றும்போது விட்ட வாலால் தையுங்கள். ஓரக் கண்ணி பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே போய்விடுவதால், ரிப்பில் இருபுறமும் ஒவ்வொரு நிட் மிஞ்சி, இரண்டும் சேர்ந்து சரியான இரண்டு நிட்டாகிவிடும். கூட்டிய 2 கண்ணிகள் இதற்காகத்தான்.

துணி தைப்பதுபோல ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைக்காதீர்கள். தடித்த வரப்பு ஒன்று உருவாகி, பிடரியில் உறுத்தும். வால்களை முடிச்சிடாமல், தையலின் உள்ளே 8 செ.மீ. ஒரு திசையிலும், பிறகு 3 செ.மீ. எதிர்த்திசையிலும் ஓடவிட்டு நறுக்குங்கள்.

10. அலசுதலும் உலர்த்துதலும்

குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, கால் மணி ஊறவைத்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் குல்லா நீண்டுவிடும். எனவே தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். எங்கள் ஊர் மழை மாதங்களில் உலர மூன்று நாள்கூட ஆகும், பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை எனக்கே ஒரு முறை இல்லாமல் போயிற்று. மறுநாள் ஊருக்குப் புறப்படும் பெரியம்மாவுக்காகப் பின்னிய அக்ரிலிக் குல்லாவின் மேல், விரைவாக உலரட்டும் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ரிப்பின் துள்ளல் முழுவதும் போய், விளிம்பு பழைய துணி போலத் துவண்டுவிட்டது. அக்ரிலிக்கில் சூட்டால் நேரும் இந்த மாற்றத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அந்த விளிம்பைப் பிரித்து மீண்டும் பின்னியும் நூலில் உயிர் வரவில்லை. அசல் கம்பளிக்கு எதிரி வெந்நீரும் தேய்ப்பும். இரண்டும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று கவ்வி, குல்லா கெட்டியாகச் சுருங்கிவிடும்.

11. மீந்த நூலில் கையுறை

குல்லாவுக்குப் பிறகு ஏறத்தாழ 30 கிராம் நூல் மிஞ்சும். அதை எடை பார்த்து இரண்டு சம உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் உருண்டைக்கு ஒரு கை. 10ஆம் எண் ஊசியில் 42 கண்ணிகள் ஏற்றி, விளிம்புக்குப் பின்னிய அதே ரிப்பைத் தொடருங்கள். உருண்டையில் பின்னலின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு நூல் மிஞ்சும்போது, தளர்வாகக் கண்ணிகளை முடியுங்கள். இரு ஓரங்களையும் சேர்த்துத் தைக்கும்போது, மேலிருந்து 3 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்காக 4 செ.மீ. தைக்காமல் விட்டு, மீதியைத் தைத்துவிடுங்கள். அடுத்த கையைத் தொடங்கும் முன், முதல் கையில் எத்தனை வரிசைகள் வந்தன என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.